சாம்பலாரின் எரிமலை

ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் சாம்பலார் என்று பெயர். சேர்ந்த புதிதில் வெறும் 'சாம்பல்'தான். தலை நரைத்ததும் மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்தார்கள். பதவியில் எதையும் சேர்க்கவில்லை.

வேலை என்னவென்றால், தூர வடக்கில் கோடையிலும் உருகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்தே கிடக்கும் மண் இருக்கிறது. அதைக் குழாய் இறக்கித் துளைத்து, உருளை உருளையாக எடுத்து, உருகிவிடாமல் பெட்டியில் வைத்து இங்கே அனுப்புவார்கள். அந்த உறைமண்ணுக்குள் எந்தக் காலத்திலோ எங்கேயோ வெடித்த எரிமலையின் சாம்பல் மெல்லிய படலமாக விழுந்து, அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும். சாம்பலார் அதைத் தேடி எடுக்க வேண்டும். எரிமலைச் சாம்பலை அடுப்புச் சாம்பல் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. அது பொடிப்பொடியாக நொறுங்கிய கண்ணாடி. சில இடங்களில் வெள்ளைக் கோடாகத் தெரியும். பல இடங்களில் கண்ணுக்கே தெரியாது, மைக்ராஸ்கோப்பில் வைத்துத் துணுக்குத் துணுக்காக எண்ண வேண்டும். ஒவ்வொரு எரிமலையின் கண்ணாடிக்கும் ரசாயனச் சேர்க்கை வேறு. ரேகை பார்த்து ஆளைப் பிடிப்பதுபோல, சேர்க்கையைப் பார்த்து மலையைப் பிடித்துவிடலாம். மலை தெரிந்தால் வெடித்த காலம் தெரியும். காலம் தெரிந்தால் அந்த மண்ணின் வயது தெரியும்.

இதை அவர் வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறார். மனைவியின் தம்பி ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மாமா, உலகத்துல எல்லாரும் சாம்பலைக் கொண்டுபோய் மண்ணுல கொட்டுவாங்க. நீங்க மண்ணுலேர்ந்து சாம்பலைப் பொறுக்கறீங்க. அதுக்கு ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்."

ஆராய்ச்சி வாழ்க்கை முழுவதும் சாம்பலார் கண்டுபிடித்தவை எல்லாம் ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்தவை. இன்ன மலை, இன்ன காலம் என்று புத்தகத்தில் இருப்பதை, ஆமாம், இங்கேயும் இருக்கிறது என்று உறுதிசெய்வார். கல்யாண வீட்டில் சாப்பாடு ருசியாக இருக்கிறது என்று இரண்டாவது பந்தியில் உட்கார்ந்து சொல்வதுபோல. யாரும் மறுக்கவும் மாட்டார்கள், திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். தனக்கென்று ஒரு மலை, ஒரே ஒரு மலை, அதுவும் சின்னதாக இருந்தாலும் போதும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. அது அவருடைய இடது கட்டைவிரல் நகம்.

துளைத்து எடுக்கும்போது உருளையின் மேல்தோலில் மண் இழுபட்டு மேலும் கீழும் பூசிக்கொள்ளும். அந்தத் தோலைச் சுரண்டி எறிந்துவிட்டுத்தான் உள்மண்ணை வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். எல்லாரும் கத்தியால் சுரண்டுவார்கள். சாம்பலார் நகத்தால் சுரண்டுவார். அதற்காகவே வளர்த்தது. கையுறையின் கட்டைவிரல் நுனியைக் கத்தரித்து, ஓட்டிலிருந்து ஆமை எட்டிப் பார்ப்பதுபோல நகத்தை மட்டும் வெளியே விட்டுக்கொள்வார்.

"கத்திக்கு என்னய்யா தெரியும்? நகத்துக்கு உணர்ச்சி உண்டு. மண்ணு எங்க மாறுதுன்னு அது சொல்லும்" என்பார்.

மனைவி ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். முகம், முடி, கை, கால் எல்லாம் அங்கே செப்பனிடப்படும். "ஊருக்கெல்லாம் நகம் வெட்டி விடறேன். வீட்டுக்குள்ள ஒரு மண்வெட்டியை வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்தறேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அடிக்க வேண்டியது தன் தலையில் அல்ல என்று அவளுக்கும் தெரியும்.

இப்படியிருக்க, புதிதாக வந்த ஓர் உருளையில் சாம்பலாருக்கு அந்த மலை கிடைத்துவிட்டது.

உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சாம்பலாருக்கும் மறுபாதியை மகரந்தத்துக்கும் கொடுத்திருந்தார்கள். மகரந்தம் என்பது ஓர் இளம்பெண். உறைமண்ணில் சிக்கிய பூந்தூளை எண்ணி, அந்தந்தக் காலத்தில் என்ன புல், என்ன செடி பூத்தது என்று சொல்பவள். அவளுக்கும் பட்டப்பெயர் தொழிலிலிருந்தே வந்தது. சாம்பலைவிட நல்ல பெயர் என்பதில் சாம்பலாருக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

சாம்பலார் தன் பாதியை அந்தக் கூடத்தின் வழக்கப்படி அடியிலிருந்து மேலாக, பழையதிலிருந்து புதியதாக அறுத்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு கறுத்த சுள்ளி குறுக்கே உறைந்திருந்த துண்டு. அங்கேதான் வந்தது. அதுவரை ஒரு துணுக்குகூட இல்லை. சுள்ளிக்குச் சற்றுக் கீழே திடீரென்று கண்ணாடி, அள்ளிக் கொட்டியதுபோல. அதற்கு அடுத்த வில்லையில் கொஞ்சம் குறைவு. அடுத்ததில் இன்னும் குறைவு. அப்புறம் மறுபடி வெறும் மண். வரைபடமாகப் போட்டால் கீழே சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பி, மேலே வால் மாதிரி இளைத்துப்போனது. வானத்திலிருந்து உண்மையாகவே விழுந்த சாம்பல் இப்படித்தான் இருக்கும் என்று பாடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படத்தைவிட இது அழகாக இருந்தது.

வடக்கே சாம்பல் தூவக்கூடிய மலைகளின் ரேகைகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. யாரும் அறியாத மலை! சாம்பலார் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கியபோது மூக்குக்கண்ணாடி பனித்திருந்தது. குளிரால் இல்லை.

இயக்குநர் ஓடி வந்தார். இயக்குநர் மண்ணைத் தொட்டுப் பல காலமாகிவிட்டது. ஆனால் 'உலகளவில்' என்ற சொல்லை அவர் தொடாத நாள் இல்லை.

"உலகளவில் இது பெரிய விஷயம்யா! இவ்வளவு நாள் எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க உங்களை?"

"இதே நாற்காலியிலதாங்க இருந்தேன்" என்றார் சாம்பலார்.

ஒரு வாரத்துக்குள் வரவேற்பறையில் தெர்மாகோல் எரிமலை ஒன்று முளைத்தது. உச்சியில் சிவப்பு பல்பு. பொத்தானை அழுத்தினால் புகை வரும். அந்த வெடிப்பில் வானம் இருண்டது, தாவரங்கள் மடிந்தன, பனிக்காலத்துச் சடை யானைகள் மிரண்டு தெற்கே ஓடின என்று இயக்குநர் ஒரு பலகையில் எழுதி வைத்தார். யானைகள் ஓடியது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

மகரந்தம் மட்டும் கேட்டாள். யானையைப் பற்றி அல்ல, புல்லைப் பற்றி.

"சார், அதே ஆழத்துல என் பாதியில புல்லு, பாசி, குத்துச்செடி எல்லாம் முந்தி மாதிரியே பூத்திருக்கு. இவ்வளவு பெரிய எரிமலை வெடிச்சிருக்கு, என் புல்லுக்கு ஒரு தும்மல்கூட வரலையே?"

இயக்குநர் சிரித்தார். "உங்க எண்ணிக்கையில தப்பிருக்கும்மா."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார்."

"அப்ப மூணாவது தடவை எண்ணுங்க. எரிமலையோட ஒத்துப்போற மாதிரி எண்ணிட்டு வாங்க. உங்க வேலை நீட்டிப்பு விஷயம் என் மேஜையிலதான் இருக்கு. எங்கயும் ஓடிப்போகாது, நம்ம யானை மாதிரி."

சாம்பலார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கையில் டீ இருந்தது. அதைக் குடித்தார். மகரந்தம் தன்னைப் பார்ப்பது தெரிந்தும், கோப்பையின் அடியில் ஏதோ அரிய புதைபடிவம் கிடப்பதுபோல அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன மாதம்தான் அம்மாவை அழைத்துவந்து, இங்கே வீடு பிடித்து, பால்கனியில் தொட்டி வைத்திருந்தாள். நீட்டிப்பு இல்லையென்றால் தொட்டியோடு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் மலை என்றால் மலைதானே, புல்லுக்காக அதை நகர்த்த முடியுமா என்று சாம்பலார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புதிதாகப் பணம் வந்தவன் பழைய நண்பனைத் தெருவில் பார்த்ததும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதுபோல இருந்தது அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பலார் குளியலறை வாசலில் நின்று பாடிக்கொண்டிருந்தார். புகழ் வந்தால் குரலும் வரும் என்று நம்பியிருக்க வேண்டும்.

"போதும், பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிடுவாங்க" என்றாள் மனைவி. "குதிகாலைப் பாருங்க, எப்படி வெடிச்சுக் கெடக்குன்னு. உங்க மலைக்கு ஆபீஸ்ல விழா எடுக்கறாங்க, பெரிய மனுஷங்க முன்னால மேடை ஏறப்போறீங்க. அன்னைக்கு ஒரு கல்லு கொண்டாந்து குடுத்தேனே, எங்க?"

"அது வேண்டாம். ஒரு தடவை தேச்சதுக்கே ரத்தம் வந்துடுச்சு. கல்லா அது, அரம்."

"பார்லர்ல எல்லாருக்கும் அதுதான். ஒரிஜினல் எரிமலைக் கல்லு. அட்டையிலேயே போட்டிருக்கு." அவள் குளியலறை மூலையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். "நீங்க எங்கயோ வடக்க போய்த் தேடறீங்க. நம்ம பாத்ரூம்லயே ஒரு எரிமலை கெடக்கு பாருங்க."

அவள் சிரித்தாள். சாம்பலாரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கல் சாம்பல் நிறத்தில், பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக, கையில் எடையே இல்லாமல் இருந்தது. நுரைக்கல். எரிமலையின் நுரை பொங்கி அப்படியே இறுகியது. உடைத்தால் பூராவும் கண்ணாடி. பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிற விஷயம். அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தார். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் குதிகாலைத் தேய்த்தார். கல்லின் ஓட்டைகளில் தோல் போய் அடைத்துக்கொண்டது. அதை நோண்டி எடுத்தார். எதால்? வலது கையிலிருந்த கல்லை விட்டுவிட்டு மெல்ல இடது கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகம் அவரைப் பார்த்தது.

ரத்தம் வந்த காலோடு அன்று நொண்டி நொண்டித்தான் குளிர் அறைக்குள் போனார். அது நன்றாக நினைவிருந்தது. மகரந்தம் கதவைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா சார், அந்தத் துண்டுல ஒரு சுள்ளி இருக்கு, உடைச்சிடாதீங்க" என்றாள். சுள்ளி இருந்த துண்டு.

அடியிலிருந்து மேலாக அறுத்தார். அன்றைய முதல் வில்லையைச் சுரண்டும்போது நகம் நிறையக் கல்பொடி. அடுத்ததில் கொஞ்சம் போய்விட்டது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம். அப்புறம் நகம் சுத்தம். கீழே சுவர், மேலே வால். பாடப் புத்தகத்தை மிஞ்சிய அந்த வரைபடம், ஒரு மனிதனின் நகம் படிப்படியாகச் சுத்தமாவதன் துல்லியமான பதிவு.

"என்னங்க, முகம் வெளுத்துப்போச்சு? மறுபடியும் ரத்தமா?"

"இல்லம்மா. இது வேற."

மனுஷ மனம் லேசில் ஒத்துக்கொள்ளுமா? மறுநாள் கல்லிலிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உடைந்த குமிழிகள், பாகு இழுத்ததுபோல நீண்ட குழல்கள். நன்றாகத் தெரிந்த முகங்கள். அந்த உருளையில் நாள்கணக்கில் எண்ணியவை. அப்போதும் ஒரு நப்பாசை. ரசாயனம் பார்க்கும் பெரிய எந்திரம் மேல்மாடியில் இருந்தது. கல்பொடியை மற்ற மாதிரிகளோடு சேர்த்து, 'கு' என்று மட்டும் குறித்து அனுப்பினார். எந்திரக்காரர் மாலையில் படியிறங்கி வந்து கைகொடுத்தார்.

"வாழ்த்துகள் சார்! 'கு'வும் அதே மலைதான். அப்படியே அச்சு. 'கு'ன்னா எந்தக் குன்று சார்?"

"குளியலறை" என்று சொல்ல வாய் வந்தது. "குறிச்சு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்திருக்க வேண்டியது எது என்று சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவர் செய்தது என்னவென்றால், சும்மா இருந்தார். காலையில் வருவார், தெர்மாகோல் மலையைத் தாண்டி உள்ளே போவார், யாராவது வணக்கம் சொன்னால் வாங்கிக்கொள்வார். வணக்கத்துக்கு அவர் வயிறு பல வருஷமாகக் காய்ந்து கிடந்தது. இன்னும் இரண்டு நாள் வாங்கிக்கொள்வோமே என்று இருந்தது. எதிர் மேஜையில் மகரந்தம் நாலாவது தடவையாகப் புல்லை எண்ணிக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஒரு நாள் அவள் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, எதுக்கு இதெல்லாம்?"

"எப்படி எண்ணினாலும் புல்லு சாக மாட்டேங்குது சார்" என்றாள் அவள். "நானா கொல்லணும்னா கொல்லலாம். அதுக்குக் கை வரல."

சாம்பலார் எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நகம், கல், குதிகால் எல்லாவற்றையும் சொன்னார். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரிக்குப் பாதி தெரியும்."

"மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்." இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அவை மின்னின. "அந்தக் கல்லு எந்த ஊர் மலையிலேர்ந்து வெட்டினது?"

"பூமிக்கு அந்தப் பக்கம். அட்டையில போட்டிருக்கு."

"அடடா! அப்படின்னா நமக்கு மலையே கிடைச்சிடுச்சேய்யா! யோசிச்சுப் பாருங்க. பூமிக்கு அந்தப் பக்கத்து மலையோட சாம்பல், சுத்தி வந்து நம்ம உருளையில விழுந்திருக்கு. உலகளவில் இப்படி ஒரு..."

"சுத்தி வரலைங்க. பஸ்ல வந்துச்சு. என்கூட."

"காலை எதுக்குய்யா நடுவுல கொண்டுவர்றீங்க? அறிவியல் பேசும்போது காலைப் பத்திப் பேசலாமா?" இயக்குநர் சுற்றி வந்து தோளில் கைபோட்டார். "இத்தனை வருஷத்துல உங்களுக்குக் கிடைச்ச ஒரே மலை. விட்டுட்டீங்கன்னா அடுத்தது எப்ப? பேசாம விழாவுல வந்து, ஸ்லைடைப் போட்டு, திரையில காட்டிட்டு உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மகரந்தத்தோட நீட்டிப்பு?"

"புல்லு முக்கியமா, மலை முக்கியமா?"

சாம்பலார் வெளியே வந்தார். அந்தக் கேள்வியை ஏற்கெனவே தானே தன்னிடம் கேட்டு, அதே பதிலைச் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது. தன் மனம் பேசியதை இயக்குநர் வாயால் கேட்டபோது கேவலமாக இருந்தது.

விழாவன்று அரங்கு நிறைந்திருந்தது. வெளியூர் ஆய்வுக்கூடங்களின் பெரியவர்கள் முன்வரிசையில். தலைமை விருந்தினர் ஒரு வயதான அம்மாள்; உறைமண்ணில் ஊறிய ஆள், அரை மணிநேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தும் ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை. கடைசி வரிசையில் மகரந்தம். இயக்குநர் சடை யானைகளை ஓட ஓட விரட்டிவிட்டுச் சாம்பலாரை அழைத்தார்.

மேடையில் மைக்ராஸ்கோப், பின்னால் பெரிய திரை. சாம்பலார் சுள்ளித் துண்டின் ஸ்லைடை வைத்தார். திரை முழுக்கக் கண்ணாடிக் குழல்களும் குமிழி விளிம்புகளும் பளபளத்தன. அரங்கம் "ஆஹா" என்றது.

சாம்பலார் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காலின் ஷூவைக் கழற்றினார். அப்புறம் சாக்ஸை.

முன்வரிசையில் ஒருவர், "தண்ணி கொண்டாங்க, மயக்கம் போல" என்றார். இயக்குநர் பாதி எழுந்தார். எழுந்தவர் எழுந்தபடியே நின்றுவிட்டார். ஏனென்றால் சாம்பலார் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கல்லை எடுத்து, உலகளவிலான அந்தச் சபையின் முன்னால், தன் வெடித்த குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். சரக், சரக் என்ற சத்தம் மைக்கில் நன்றாக விழுந்தது. தேய்த்து முடித்து, கல்லின் ஓட்டைகளைக் கட்டைவிரல் நகத்தால் நோண்டினார். புது ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நகத்தை அதில் ஒரு சுண்டு சுண்டினார். மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அதே குழல்கள். அதே குமிழிகள். நடுவில் கொஞ்சம் தோல்.

"இதுவும் அந்த எரிமலைதாங்க" என்றார் சாம்பலார். "இப்பதான் வெடிச்சுது. சுள்ளித் துண்டை அறுத்த அன்னைக்கும் இதேதான் வெடிச்சுது. அறுத்துக்கிட்டே மேல போகப் போக என் நகம் சுத்தமாச்சு. அதைத்தான் நாங்க அழகான வரைபடமாப் போட்டு வெச்சிருக்கோம். எந்திரமும் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடுச்சு. வடக்க எந்த மலையும் வெடிக்கல. யானை எதுவும் ஓடல. ஓடியிருந்தா அது வேற காரணமா இருக்கும்."

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஊசிக்குப் பதில் சாக்ஸ் விழுந்தது.

தலைமை விருந்தினர் அம்மாள் முதல் தடவையாகக் கையைப் பிரித்தார். "உருளையோட மறுபாதி யார்கிட்ட இருக்கு?"

சிரிப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்த சாம்பலாருக்கு, ஒருவர் வேலையைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. கடைசி வரிசையைக் காட்டினார். "அந்தப் பொண்ணுகிட்டங்க. அதே ஆழத்துல புல்லு எப்பவும் போலப் பூத்திருக்குன்னு அவங்க முதல் நாளே சொன்னாங்க. நாங்கதான் தப்பு உங்க பேர்லன்னு சொன்னோம். நான் பக்கத்துல நின்னு டீ குடிச்சேன்."

"அந்தப் புல்லு வரைபடத்தை நான் பாக்கணுமே. மேல வாம்மா" என்றார் அம்மாள்.

மகரந்தம் எழுந்து வந்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் இயக்குநர் சமாளித்துக்கொண்டுவிட்டார். தண்ணீருக்குள் தள்ளினாலும் நனையாமல் எழும் வாத்து அவர். மைக்கைப் பிடித்து, "மாசு எப்படி வந்து சேரும்னு உங்க முன்னாலயே செய்துகாட்டத்தான் இந்த நிகழ்ச்சியையே நாங்க திட்டமிட்டோம்! எங்க கூடத்தோட நேர்மைக்கு உலகளவில்..." என்று ஆரம்பித்தார். "எங்க மகரந்த நிபுணரை இன்னும் பல வருஷம் எங்ககிட்டயே வெச்சுக்கப் போறோம்ங்கிறதையும் இங்க அறிவிக்கிறேன்" என்று முடித்தார். அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டதால் அதைத் திருப்பி எடுக்க வழியில்லாமல் போயிற்று.

சாம்பலார் ஒரு கால் ஷூவோடும் மறுகால் வெறுமனேயும் மேடைக்குப் பின்னால் போய் நின்றார். மகரந்தம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று அவர் கொஞ்சம் எதிர்பார்த்தார் என்பதை மறைப்பானேன்.

"எப்ப சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"கொஞ்ச நாளாச்சும்மா."

"கொஞ்ச நாளா? நான் எண்ணி எண்ணிக் கண்ணு போய் உக்காந்திருக்கேன். எதிர்லயே இருந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

அவர் வெறுங்காலை ஷூக்காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

வீட்டில் மனைவி நடந்ததை முழுசாகக் கேட்டாள். சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பார்லர் கல்லு உலகப் புகழ் ஆகியிருக்கும். கெடுத்துட்டீங்களே!" அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு கோவம் தீருமா?"

"தெரியல."

"தீரலைன்னாலும் நியாயம்தான்" என்றவள், நகவெட்டியை எடுத்துவந்து எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "கையைக் குடுங்க."

அவர் கொடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். இத்தனை வருஷ உணர்ச்சி தரையில் பிறை மாதிரி கிடந்தது. அதை அவள் குனிந்து எடுத்து, "இதை எந்த மலைன்னு சொல்லுவாங்க?" என்றாள்.

வரவேற்பறைத் தெர்மாகோல் மலையை யாரும் அகற்றவில்லை. புகை வரும் பொத்தானை மட்டும் பிடுங்கிவிட்டு, 'எரிமலை – ஒரு மாதிரி' என்று பலகையை மாற்றி வைத்தார்கள். வேலையாட்கள் அதற்குக் குதிகால் மலை என்று பெயர் வைத்தார்கள். சாம்பலாருக்கு ஆசைப்பட்டபடியே சொந்தமாக ஒரு மலை கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சுள்ளித் துண்டை மறுபடி பார்த்தாக வேண்டும் என்று தலைமை விருந்தினர் எழுதி அனுப்பினார். மகரந்தத்தின் பாதியில் கொஞ்சம் மீதம் இருந்தது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் தான் பக்கத்தில் நிற்பேன் என்றாள்.

குளிர் அறை வாசலில் அவரை நிறுத்தினாள்.

"கையை நீட்டுங்க சார்."

சாம்பலார் இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். திருப்பச் சொல்லிப் பார்த்தாள். கட்டைவிரல் கையுறை முழுசாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"காலையும் காட்டணுமாம்மா?"

"வேண்டாம். அதைத்தான் ஊரே பாத்துடுச்சே." அவள் உதட்டோரம் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. கதவைத் திறந்துவிட்டாள்.

கத்தியால் சுரண்டினார். நகம் இல்லாத விரல் மூடிய கையுறைக்குள் கொஞ்சம் திகைத்தாற்போல் இருந்தது. அடியிலிருந்து மேலாக அறுத்து, உருக்கி, சலித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணல், பாசித் துணுக்கு, சுள்ளியின் பட்டை. வேறு எதுவும் இல்லை.

எதிர் மேஜையிலிருந்து மகரந்தம் தலை தூக்காமல் கேட்டாள்.

"என்ன சார் கிடைச்சுது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமே இல்ல." இவ்வளவு சந்தோஷமாக அவர் அந்தக் கூடத்தில் எதையும் சொன்னதில்லை.

"அப்ப சரி" என்றாள் அவள். புல்லை எண்ணப் போனாள்.